கண்ணாடி வீட்டு அம்மையார்

மலைநாட்டுப் பொகவந்தலாவையிலே, தேயிலைச் செடிகள் சூழ்ந்த சாரலில், சென் மேரிஸ் என்னும் சிறு தேவாலயம் ஒன்று உளது. அதன் மயானத்தில் ஆங்கிலேயத் தம்பதிகள் இருவர் அருகருகே அடக்கஞ் செய்யப்பட்டுள்ளனர். கணவர் சாள்ஸ் ஹே கமறன். மனைவியார் யூலியா மாகிறற் கமறன். கணவரின் பெயரை இலங்கைச் சரித்திரம் கற்ற நம் மாணவர் யாவரும் அறிவர். கோல்புறூக் - கமறன் விசாரணைக் குழுவில் நீதித்துறையை ஆராய்ந்தவர் அவரே. 1832இல் இராசகாரிய முறை ஒழிந்ததற்கும், 1833இல் சட்டநிரூபண சபை தோன்றியதற்கும் அக்குழுவின் சிபார்சுகள் காரணமாயின. ஆயினும் இன்று உலகக் கலைக்கூடங்களிலே கணவரின் பெயரிலும் மனைவியாரின் பெயரே மிகுதியாகப் பேசப்படுகின்றது. புகைப்படத்தைக் கலையாக உயர்த்திய முன்னோடிகளுள் அம்மையார் ஒருவர். நம் நாட்டு மண்ணிலே துயிலும் அவரது வாழ்க்கையைச் சிறிது ஈண்டு நோக்குவோம்.

அம்மையார் 1815ஆம் ஆண்டு யூன் மாதம் 11ஆந் திகதி கல்கத்தாவிற் பிறந்தார். தந்தையார் கிழக்கிந்தியக் கம்பெனியின் உத்தியோகத்தர். தாயார் பிரெஞ்சுக் குலத்தவர். உடன்பிறந்த பெண்கள் பலர். அவர்கள் அழகிற் சிறந்தவர்கள் என ஊரார் புகழ, யூலியாவோ அறிவாற்றலுக்கே பெயர் பெற்றார். இளமையிற் பெரும் பகுதியைப் பிரான்சிலே பாட்டியாரோடு கழித்தார். 1836இல் நன்னம்பிக்கை முனையிலே தங்கியிருந்தபோது இருவரைச் சந்தித்தார். ஒருவர் வானசாத்திர வல்லுநர் யோன் ஹேர்ஷெல். மற்றவர் தம்மினும் இருபது வயது மூத்த கமறன் துரை. 1838இல் கல்கத்தாவிலே கமறன் துரையை மணந்தார். 1839இல் புகைப்பட வித்தை உலகுக்கு அறிவிக்கப்பட்டபோது, அந்தப் புதுமையைக் கடிதவாயிலாக அம்மையாருக்குத் தெரிவித்தவர் ஹேர்ஷெல். விதை அன்றே விழுந்தது; முளைப்பதற்கோ கால் நூற்றாண்டு சென்றது.

1848இல் குடும்பம் இங்கிலாந்து சேர்ந்தது. 1860இல் வைற் தீவிலுள்ள பிறெஷ்வோட்டர் என்னும் ஊரிலே, மகாகவி டெனிசனின் இல்லத்துக்கு அண்மையில் இரு வீடுகளை வாங்கிக் குடியேறினர். அவ்வில்லத்துக்கு இட்ட பெயர் டிம்போலா. இலங்கையிலே திம்புளைப் பகுதியில் இருந்த தங்கள் தோட்டத்தின் நினைவாகவே அப்பெயரைச் சூட்டினர். கமறன் துரையின் உள்ளம் என்றும் இலங்கையையே நாடிற்று. கோப்பித் தோட்டங்களைப் பார்க்க அவர் அடிக்கடி கப்பலேறுவார். ஆண் பிள்ளைகளும் வளர்ந்து பிரிந்தனர். பிள்ளைகள் நிறைந்திருந்த வீட்டிலே தனிமை குடிபுகுந்தது.

தாயின் தனிமையை உணர்ந்தவர் மணமாகிச் சென்ற மகளே. அவர் பெயரும் யூலியா. 1863ஆம் ஆண்டு மார்கழி மாதத்தில் மகளும் மருமகனும் அம்மையாருக்கு ஒரு புகைப்படக் கருவியைப் பரிசளித்தனர். பொழுது போக்குவதற்கென வந்த பொருள் அது. அப்போது அம்மையாருக்கு வயது 48. பேரப்பிள்ளைகளோடு ஓய்ந்திருக்கலாம் எனப் பலர் எண்ணும் பருவத்திலே அவர் ஒரு கலையை அரிச்சுவடியிலிருந்து கற்கத் தொடங்கினார்.

அக்காலத்துப் புகைப்பட வேலை எளிதன்று. கண்ணாடித் தகட்டிலே கொலோடியன் என்னும் பசைநீரை ஊற்றிப் பரப்பி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் அமிழ்த்தி, ஈரம் உலருமுன் படம் பிடித்து உடனே கழுவி எடுத்தல் வேண்டும். படத்துக்கு அமர்வோர் நிமிடக் கணக்கில் அசையாதிருத்தல் வேண்டும். அம்மையார் வீட்டு நிலக்கரிக் கொட்டிலை இருட்டறை ஆக்கினார். கோழிக்கூட்டைக் கண்ணாடி வேய்ந்த படப்பிடிப்புக் கூடம் ஆக்கினார். விரல்கள் மருந்துக் கறையாற் கறுத்தன. பல தகடுகள் வீணாயின. சில கிழமைகளுக்குள், 1864 தை மாதத்தில், அயலிலிருந்த சிறுமி ஒருத்தியின் முகம் தகட்டிலே நன்கு பதிந்தது. அம்மையார் அடைந்த மகிழ்ச்சிக்கு எல்லையில்லை.

அதன்பின் வீட்டிலுள்ளோர் எவரும் தப்பவில்லை. பிள்ளைகள், மருமக்கள், விருந்தினர், கடிதம் கொணர்ந்தோர், பணிப்பெண்கள் ஆகிய யாவரும் அக்கண்ணாடிக் கூடத்துக்கு அழைக்கப்பட்டனர். பணிப்பெண் மேரி ஹில்லியர் கன்னி மரியாளின் கோலத்திலே அமர்ந்தார். பொருளுக்கும் ஆளுக்குமென அவர் தூர தேசம் தேடிச் செல்லவில்லை. தம் முற்றத்திலே நடமாடிய முகங்களிலேயே காவியங்களைக் கண்டார். டெனிசன், கார்லைல், டார்வின் முதலிய பெரியோரும் அவ்வாறே அமர்ந்தனர். 1867இல் எடுத்த ஹேர்ஷெலின் படம், நரைமுடி ஒளிர, கண்களிலே வானத்தின் ஆழம் தோன்ற நிற்கின்றது.

அக்காலப் புகைப்பட நிபுணர்கள் அவரை இகழ்ந்தனர். உருவம் தெளிவில்லை, தகட்டிலே கீறலும் விரலடையாளமும் காணப்படுகின்றன என்று குறை கூறினர். அம்மையார் பின்வாங்கினாரல்லர். முகத்தின் மயிர்க்கால் ஒவ்வொன்றையும் காட்டுவதிலும், அம்முகத்தின் உள்ளே இருப்பதைக் காட்டுவதே அவருக்கு வேண்டியதாயிற்று. 1865இலேயே இலண்டன் தென் கென்சிங்டன் நூதனசாலை அவர் படங்களை விலைக்கு வாங்கியது.

உறவினர் படங்களுள் தலைசிறந்தது, சகோதரியின் மகளான யூலியா ஜாக்சனை 1867இல் எடுத்ததாகும். அப்பெண் பின்னாளில் எழுத்தாளர் வேர்ஜீனியா வூல்ஃபின் தாயானார். 1895இல் தாய் இறந்தபோது வேர்ஜீனியாவுக்கு வயது 13. தாயின் இளமைத் தோற்றத்தை மகள் அம்மையாரின் படங்களிலே கண்டார். 1926இல் அப்படங்களைத் தொகுத்து நூலாக வெளியிட்டபோது, அதற்கு முன்னுரை எழுதியோருள் அவரும் ஒருவர். அவரை மணந்த லெனாட் வூல்ஃப், 1905 முதல் 1907 வரை நம் யாழ்ப்பாணக் கச்சேரியிலே கடமையாற்றியவர் என்பதும் ஈண்டு நினைவுகூரத் தக்கது.

1873இல் பேரிடி வீழ்ந்தது. கருவியைக் கொடுத்த அருமை மகள் பிரசவத்திலே உயிர் நீத்தார். மறுவருடம் அம்மையார் தம் கண்ணாடி வீட்டின் வரலாற்றை எழுதத் தொடங்கினார்; அது முற்றுப்பெறவில்லை. 1875இல் கணவரோடு இலங்கைக்குப் புறப்பட்டார். மைந்தர் சிலர் இங்கே இருந்தனர். கோப்பியோ நோயால் நலிந்து வருமானம் குன்றியிருந்தது. பயணப் பொருள்களோடு தங்கள் சவப்பெட்டிகள் இரண்டையும் கொண்டு வந்தனர் என்று கூறுவர்.

களுத்துறையிலே மகன் ஒருவருடன் வாழ்ந்த காலத்திலும் அம்மையார் கருவியைக் கைவிடவில்லை. 1877இல் அங்கு வந்த ஓவியப் பெண்மணி மேரியான் நோத், நண்பகல் வெயிலிலே கம்பளிச் சால்வை போர்த்துப் படத்துக்கு அமர நேர்ந்தது. எனினும் இங்கு எடுத்த படங்களுள் இன்று எஞ்சியவை மிகச் சிலவே. அவற்றிலே தோட்டத் தொழிலாளரும் கிராமத்தவரும் காணப்படுகின்றனர். தமிழரும் அவருள் இருந்தனர் என அறிஞர் கருதுவர். அம்முகங்களிலும் டெனிசனின் முகத்திலுள்ள அதே மாட்சியைக் காண்கின்றோம். ஆனால் ஒரு குறை நம் நெஞ்சை வருத்துகின்றது. டெனிசன் படத்தின் கீழே பெயர் உண்டு. நம்மவர் படங்களின் கீழே களுத்துறைக் குடியானவர், இலங்கைப் பெண் என்பன போன்ற பொதுச்சொற்களே உள. முகம் எஞ்சிற்று, பெயர் மறைந்தது. அவர் யாருடைய பாட்டியார், யாருடைய அண்ணன் என்று சொல்லுதற்கு இன்று ஒருவருமில்லை.

1879 தை 26ஆந் திகதி, டிக்கோயாப் பகுதியிலுள்ள கிளென்கெயர்ன் தோட்டத்திலே அம்மையார் காலமானார். அடுத்த ஆண்டு கணவரும் அவரைத் தொடர்ந்தார்.

இவ்வாழ்க்கையிலே நாம் கற்கத்தக்கவை இரண்டு. கலைக்கு வேண்டிய பொருள் நம் வீட்டு முற்றத்திலேயே கிடக்கின்றது. அதனைக் காண்பதற்கு வயதும் தடையன்று. இஃது ஒன்று. மற்றையது நம்மையே சாரும். இவ்விழாக் காலத்திலே பழைய மாணவர் தத்தம் வீட்டுப் பெட்டிகளைத் திறந்து, வகுப்புப் படங்களையும் விளையாட்டுக் குழுப் படங்களையும் கொணர்ந்து பெருமையோடு காட்டுகின்றனர். பின்வரிசையில் நிற்கும் ஒருவரைச் சுட்டி இவர் யார் என இளையோர் வினவும்போது, நாம் பலமுறை வாய்திறவாது நிற்கின்றோம். ஆசிரியர் பெயர் தெரிகின்றது. மணியடித்த ஊழியரின் பெயர் தெரியவில்லை. அறிந்தோர் உயிரோடிருக்கும்போதே, ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும் இடமிருந்து வலமாக எல்லோருடைய பெயரையும் எழுதி வைப்போமாக. பெரியோரின் பெயரை உலகம் காக்கும்; நம்மோடு வாழ்ந்தோரின் பெயரைக் காக்க வேண்டியவர்கள் நாமே.