கல்லில் நிலைத்த பெயர்

நுழையும்முன்

மாணவர்களே, விழிஞ்ஞத்தின் குடைவரைக் கோயிலைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாறை ஒன்றைக் குடைந்து அதனை அமைத்துள்ளனர். இப்பகுதிப் பாறைகள் நிலத்தின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியவை. அவற்றில் விலங்குகளின் எலும்புகளைக் காண இயலாது. ஆற்றுச் சேறும் மணலும் அடுக்கடுக்காகப் படிந்து இறுகிய பாறைகளிலேயே புதைபடிவங்கள் மிகுதியாகக் கிடைக்கும். அத்தகைய பாறைகளை நாடிச் சென்ற ஒருவரின் வரலாற்றை இப்பாடத்தில் படிப்போம். நம் பெற்றோரைப் போலவே அவரும் பிறந்த ஊரைவிட்டு வந்து வாழ்ந்தவர்.

பாடம்

ஸ்டீபன் ஹிஸ்லாப் 1817ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள் ஸ்காட்லாந்து நாட்டில் டன்ஸ் என்னும் சிற்றூரில் பிறந்தார். கிறித்தவ சமயப்பணியை மேற்கொண்டு, 1844இல் இந்தியாவுக்குப் புறப்பட்டார். நாக்பூரே அவர் பணியாற்றும் ஊராயிற்று. அங்கே மராத்தி மொழியைக் கற்றார். சிறுவர்களுக்குப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். நாக்பூரை அடுத்த காம்ட்டியில் சென்னைப் படையைச் சேர்ந்த வீரர்கள் தங்கியிருந்தனர். அதனால் தமிழ்க் குடும்பங்களும் அங்கு வாழ்ந்தன. பிழைப்பின் பொருட்டுத் தமிழர் வெளியூர்களில் குடியேறுவது இன்று தோன்றிய வழக்கம் அன்று.

பணிக்காக ஊர் ஊராகச் சென்ற ஹிஸ்லாப், வழியில் கண்ட கற்களையும் உற்றுநோக்கினார். பிறர் கடந்துசென்ற கற்களில் பழங்காலச் சிப்பிகளையும் செடிகளின் பதிவுகளையும் கண்டறிந்தார். உடன் பணியாற்றிய இராபர்ட் ஹண்டருடன் சேர்ந்து, நாக்பூர் வட்டாரத்தின் நிலவியலைக் குறித்துக் கட்டுரை எழுதினார். இன்றைய தெலங்கானாவில் உள்ள மலேரிப் பகுதியின் புதைபடிவங்களை அறிஞர்களின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர்களுள் அவரும் ஒருவர்.

கற்களைப் போலவே மக்களின் சொற்களையும் அவர் தொகுத்தார். கோண்டு மக்களின் வழக்கங்களையும் பாடல்களையும் கேட்டு எழுதிவைத்தார். அம்மக்கள் பேசும் கோண்டி, நம் தமிழைப் போலவே திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதற்குத் தனக்கென நெடிய எழுத்து மரபு இல்லாத காலம் அது. எழுதிவைப்பார் இல்லையெனில் முதியோரோடு பல பாடல்களும் மறைந்துவிடும்.

1863ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள், டாகல்காட் என்னும் ஊரில் உள்ள பழங்காலக் கல்வட்டங்களைப் பார்த்துவிட்டு ஹிஸ்லாப் திரும்பிக்கொண்டிருந்தார். மழைக்காலமாதலால் வழியில் ஓர் ஓடை பெருகி ஓடியது. அதனைக் கடக்க முயன்றபோது வெள்ளம் அவரை இழுத்துச் சென்றது. 46ஆம் பிறந்தநாளுக்கு நான்கு நாள்களே இருந்த நிலையில் அவர் உயிர் நீத்தார். கோண்டு மக்களைப் பற்றிய அவருடைய குறிப்புகள் நூலாக்கப்படாமலே இருந்தன. அவற்றை ரிச்சர்டு டெம்பிள் என்னும் ஆட்சியாளர் தொகுத்து 1866இல் வெளியிட்டார். அதனாலேயே அந்த உழைப்பு வீணாகாமல் நமக்குக் கிடைத்தது.

ஹிஸ்லாப் மறைந்த பின்னரும் மலேரிப் படிவங்களின் ஆய்வு தொடர்ந்தது. அங்கு வாழ்ந்த ஊர்வன ஒன்றுக்கு ஹக்ஸ்லி என்னும் அறிஞர் 1870இல் பாராசூக்கஸ் எனப் பெயரிட்டார். முதலைக்கு நெருங்கியது என்பது அதன் பொருள். 1885இல் ரிச்சர்டு லிடெக்கர் அதனோடு ஹிஸ்லாப்பின் பெயரையும் இணைத்து, பாராசூக்கஸ் ஹிஸ்லாபி என வழங்கினார்.

இருபது கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் ஆற்றங்கரைகளில் வாழ்ந்த விலங்கு அது. நீண்ட மெல்லிய வாயும் கூரிய பற்களும் உடையது. பார்வைக்கு முதலை போன்றதே ஆயினும், அது முதலையின் மூதாதை அன்று; உறவினம் மட்டுமே. முதலைக்கு மூக்குத்துளைகள் வாயின் நுனியில் இருக்கும். பாராசூக்கசுக்கோ கண்களின் அருகே இருந்தன. நீரில் மறைந்து வாழும் வாழ்க்கை ஒன்றாக இருந்தமையால் இரண்டின் உருவமும் ஒத்து அமைந்தன.

லிடெக்கர் பெயரிட்டபோது கிடைத்திருந்தவை உடைந்த துண்டுகளே. எனவே அவற்றைக் கொண்டு இவ்விலங்கைப் பிறவற்றினின்று பிரித்தறிய இயலவில்லை. அதனால் பெயரே கைவிடப்படும் நிலை உண்டாயிற்று. பின்னர் கொல்கத்தாவில் உள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தார் மலேரியில் ஏறத்தாழ முழுமையான இரண்டு எலும்புக்கூடுகளைக் கண்டெடுத்தனர். அவற்றின் வயிற்றுப் பகுதியில், அவை விழுங்கிய வேறோர் ஊர்வனவின் எலும்புகளும் இருந்தன. சங்கர் சட்டர்ஜி என்னும் அறிஞர் 1978இல் அவ்வெலும்புக்கூடுகளை விரிவாக விளக்கி எழுதினார். அவற்றுள் ஒன்றையே அப்பெயருக்குரிய அடையாள மாதிரியாக, விலங்குகளின் பெயர்களை முறைப்படுத்தும் பன்னாட்டு ஆணையம் 2003இல் ஏற்றது. ஹிஸ்லாப்பின் பெயரும் நிலைபெற்றது.

நாக்பூரில் 1883இல் தொடங்கப்பெற்ற ஹிஸ்லாப் கல்லூரியும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. வந்து சேர்ந்த ஊரின் மொழியையும் மக்களையும் மண்ணையும் தமக்குரியனவாகக் கருதிக் கற்றவர் அவர். ஆகவே அம்மண்ணும் அவரைத் தனக்குரியவராக ஏற்றுக்கொண்டது.

சொல்லும் பொருளும்

குடைவரை – பாறையைக் குடைந்து அமைத்த கோயில்
புதைபடிவம் – பாறையில் பதிந்த பழங்கால உயிரின் அடையாளம்
ஊர்வன – பாம்பு, பல்லி, முதலை முதலிய விலங்கினம்
மூதாதை – முன்னோர்

மதிப்பீடு

1. விழிஞ்ஞத்துப் பாறைகளில் விலங்குகளின் எலும்புகளைக் காண இயலாதது ஏன்?
2. முதலைக்கும் பாராசூக்கசுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றினை எழுதுக.
3. ஹிஸ்லாப்பின் பெயர் மறையாமல் காத்தவை எவை?
4. உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் அவர் பிறந்த ஊரின் பாடலோ கதையோ ஒன்றைக் கேட்டு, உங்கள் ஏட்டில் எழுதி வருக.