கரிவரதன்: மாருதி 800 எஞ்சினை வைத்து இந்திய ரேஸிங்கை மாற்றிய கோவைக்காரர் யார்?

2010 மார்ச் மாதம். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் இருக்கும் மார்ட்டின்ஸ்வில் ஓவல் டிராக். ஒரு சுற்று முழுசா ஒரு கிலோமீட்டர்கூட கிடையாது. அதில் 250 சுற்றுகள் ஓட வேண்டிய நாஸ்கார் டிரக் ரேஸில், கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 13-வதாக வந்தார். நாஸ்காரின் தேசியத் தொடர் ஒன்றில் இந்திய டிரைவர் ஒருவர் ஓட்டியது அதுதான் முதல் முறை.

ஓவல் டிராக்கே இல்லாத ஒரு நாட்டில் இருந்து ஒருவர் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தார்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால், 1995-லேயே இறந்துபோன ஒரு மனிதரிடம்தான் போய் நிற்போம். அவர் பெயர் எஸ். கரிவரதன். ரேஸிங் வட்டாரத்தில் சுருக்கமாக, கரி.

முதலில், ஸ்டாக் கார் ரேஸ்னா என்ன?

ஸ்டாக் கார் என்றால் ஷோரூமில் எல்லாரும் வாங்கக்கூடிய கார் என்று அர்த்தம். அந்தக் காரையே எடுத்து ரேஸ் விடுவதில்தான் இது தொடங்கியது. 1948-ல் தொடங்கிய நாஸ்கார் அதை ஒரு பெரிய தொழில்முறை விளையாட்டாக வளர்த்தது. இன்றைய நாஸ்கார் கார்கள் ரேஸுக்காகவே தனியாகக் கட்டப்படுபவை. பழைய பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

ஒரு ரேஸ் வார இறுதியில் பொதுவாக மூன்று கட்டங்கள். முதலில் பயிற்சி ஓட்டம். அடுத்து, யார் எந்த இடத்தில் இருந்து கிளம்புவது என்று முடிவு செய்யும் தகுதிச்சுற்று. கடைசியாக ரேஸ். ஓவல் டிராக்கில் எப்போதும் இடது பக்கம்தான் திரும்ப வேண்டும். கேட்க ரொம்ப சுலபமாக இருக்கும். ஆனால் பல டிராக்குகளில் வளைவுகள் கிண்ணத்தின் ஓரம் போலச் சரிந்திருக்கும். டேடோனாவில் அந்தச் சரிவு 31 டிகிரி. அந்த வேகத்தில் டயரின் மேல் விழும் சுமை பயங்கரமானது.

இந்தியாவில் அந்த மாதிரி டிராக் கட்டவே இல்லை. ஆனால், கடையில் கிடைக்கும் காரை எடுத்து ரேஸுக்குத் தயார் செய்வது என்ற அடிப்படை யோசனை நம்ம ஊருக்குப் புதுசு இல்லை.

சோழவரம்: ஓடுதளமே ரேஸ் டிராக்

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. 1953-ல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், அந்த ஓடுதளத்தை ரேஸ் டிராக்காகப் பயன்படுத்தியது. சோழவரம் ரேஸ் என்றால் பைக், கார் பைத்தியங்களுக்குத் திருவிழா மாதிரி.

அங்கே ஓடியவை பெரும்பாலும் ஃபியட், ஹெரால்டு போன்ற தெருவில் பார்க்கும் கார்கள். எஞ்சினைப் பிரித்து, எடையைக் குறைத்து, சஸ்பென்ஷனை மாற்றித் தயார் செய்வார்கள். இதற்கு ஒரு காரணம் உண்டு. அது லைசென்ஸ் ராஜ் காலம். வெளிநாட்டில் இருந்து ஒரு ரேஸ் காரைக் கொண்டுவருவது என்றால் இறக்குமதி அனுமதி, சுங்க வரி, உதிரிபாகத் தட்டுப்பாடு என்று வரிசையாகத் தலைவலி. விரல் விட்டு எண்ணக்கூடிய சிலரால்தான் அது முடிந்தது.

அப்படி முடியக்கூடியவர்களில் ஒருவர்தான் கரிவரதன். 1954-ல் பிறந்தவர். கோவையின் லட்சுமி மில்ஸ் தொழிற்குடும்பத்தைச் சேர்ந்தவர். சோழவரத்தில் தன் காலத்தின் முன்னணி டிரைவராகப் பெயர் எடுத்தவர். பணம், திறமை, பெயர் மூன்றும் இருந்தன. ரேஸ் ஓட்டி, கோப்பை வாங்கி, அதோடு நிறுத்தியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவர் என்ன செய்தார்?

ஒரு ரேஸில் யார் திறமையான டிரைவர் என்று எப்படித் தெரியும்? ஒருவரிடம் விலை உயர்ந்த காரும் இன்னொருவரிடம் பழைய காரும் இருந்தால், ஜெயிப்பது பெரும்பாலும் பர்ஸ்தான். புதுசா வரும் பையனுக்கு அங்கே வாய்ப்பே இல்லை. கரிவரதன் கை வைத்தது இந்த இடத்தில்தான்.

1983 டிசம்பரில் மாருதி 800 விற்பனைக்கு வந்தது. மூன்று சிலிண்டர், 796 சிசி எஞ்சின். சின்னது, எடை குறைவு. எல்லாவற்றுக்கும் மேலாக, சில ஆண்டுகளில் நாடு முழுக்க அதன் உதிரிபாகம் கிடைக்க ஆரம்பித்தது. அந்த எஞ்சினை வைத்து, ஒருவர் மட்டும் உட்கார்ந்து ஓட்டக்கூடிய, சக்கரங்கள் வெளியே தெரியும் ரேஸ் கார்களை கரிவரதன் வடிவமைத்தார். 1980களின் இறுதியில் வந்த அந்த வகைதான் ஃபார்முலா மாருதி.

எல்லாருக்கும் ஒரே வகை எஞ்சின். ஒரே மாதிரி கார். அப்போது வித்தியாசம் காட்ட வேண்டியது ஓட்டுபவரின் கையும் காலும்தான். எஞ்சின் போனாலும் பாகத்துக்காக ஐரோப்பாவில் இருந்து வரும் பார்சலுக்குக் காத்திருக்க வேண்டாம். உள்ளூர் கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம்.

இது ஏன் கோவையில் சாத்தியமானது என்பதும் முக்கியம். அந்த ஊரில் பம்ப் செய்கிறார்கள், நெசவாலை இயந்திரம் செய்கிறார்கள், வார்ப்படம் ஊற்றுகிறார்கள். ஒரு பாகத்தின் படத்தை வரைந்து கொடுத்தால் அதைக் கடைந்து கையில் கொடுக்க லேத் பட்டறைகள் இருந்தன. இன்றைய ஸ்டார்ட்அப் பாஷையில் சொன்னால், ஈகோசிஸ்டம் ஏற்கெனவே தயாராக இருந்தது. அதை ரேஸிங் பக்கம் திருப்ப ஒருவர் தேவைப்பட்டார்.

1990-ல் சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தர டிராக் வந்தது. சோழவரத்தின் இடத்தை அது பிடித்தது. குறைந்த செலவில் கார், நிரந்தரமான டிராக் என இரண்டும் கிட்டத்தட்ட ஒரே காலத்தில் கிடைத்ததால், இந்தியாவில் முதல் முறையாக ஒரு டிரைவர் அடிமட்டத்தில் இருந்து படிப்படியாக ஏறிவர ஒரு ஏணி உருவானது.

அந்த ஏணியில் ஏறியவர்கள்

நரேன் கார்த்திகேயன், ராலி சாம்பியன் ஜி.ஆர். கார்த்திகேயனின் மகன். கரிவரதனுக்கு உறவினரும்கூட. பதின்ம வயதில் அவர் இருங்காட்டுக்கோட்டையில் ஓட்டிப் பழகியது ஃபார்முலா மாருதி கார். அங்கிருந்து பிரிட்டன் போய், 2005-ல் ஜோர்டான் அணியில் ஃபார்முலா 1 ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அதே ஆண்டு இண்டியானாபொலிஸில், ஓவலின் சரிந்த வளைவில் மிஷெலின் டயர்கள் தாங்காமல் போக, அந்த டயர் போட்ட அணிகள் விலகிக்கொண்டன. மீதம் ஓடிய 6 கார்களில் நரேன் 4-வது. ஃபார்முலா 1-ல் இந்தியர் ஒருவர் எடுத்த முதல் புள்ளிகள் அவை. பிறகு 2010-ல் ஃபார்முலா 1 ஓட்டிய கருண் சந்தோக்கும் தொடக்கத்தில் ஃபார்முலா மாருதி ஓட்டியவர்தான்.

இவர்கள் ஃபார்முலா 1 ஓட்டியதை கரிவரதன் பார்க்கவில்லை. 1995-ல் வான் விபத்து ஒன்றில், நாற்பதுகளின் தொடக்கத்திலேயே அவர் இறந்துபோனார்.

ஒரு ஆள் போனதும் எல்லாம் போய்விடுமா?

கோலார் தங்கவயலை எடுத்துக்கொள்ளுங்கள். 2001-ல் சுரங்கம் மூடப்பட்டபோது, தலைமுறை தலைமுறையாக அங்கே உழைத்த தமிழ்க் குடும்பங்களின் வேலையும் சேர்ந்தே போனது. இன்றைக்கும் அங்கிருந்து ஏராளமானோர் தினமும் பெங்களூருக்கு ரயில் ஏறுகிறார்கள். பூமிக்கடியில் கற்ற தொழிலை வேறு இடத்தில் தொடர வழியில்லை. ஒற்றை மையத்தை நம்பி இருக்கும் எதற்கும் இந்த ஆபத்து உண்டு.

இந்திய ரேஸிங்குக்கும் அப்படி ஆகியிருக்கலாம். ஆகாததற்குக் காரணம், கரிவரதன் விட்டுப்போனது ஒரு கோப்பை அலமாரி மட்டும் அல்ல. காரைக் கட்டத் தெரிந்தவர்கள், அதை ஓட்டத் தெரிந்தவர்கள், அதே யோசனையைத் தொடரக்கூடிய கோவைத் தொழிலதிபர்கள் என்று பலர் இருந்தார்கள். முன்னாள் ரேஸரான பி. விஜயகுமார், கோவை செட்டிபாளையத்தில் ஒரு டிராக் கட்டினார். 2003-ல் திறக்கப்பட்ட அதன் பெயர் கரி மோட்டார் ஸ்பீட்வே. உள்நாட்டிலேயே கட்டிய கார், உள்நாட்டு எஞ்சின், எல்லாருக்கும் ஒரே கார் என்ற அதே சூத்திரத்தில்தான் எல்ஜிபி ஃபார்முலா 4 பந்தயங்கள் நடக்கின்றன.

இதோடு இன்னொன்றை ஒப்பிடலாம். பெரும் செலவில் கட்டப்பட்ட கிரேட்டர் நொய்டா புத் சர்க்யூட்டில் 2011 முதல் 2013 வரை மூன்று முறை ஃபார்முலா 1 நடந்தது. வரிப் பிரச்சினையில் சிக்கி நின்றுபோனது. பிரம்மாண்டம் மூன்று ஆண்டு தாங்கியது. மாருதி எஞ்சினில் தொடங்கிய யோசனை மூன்று தசாப்தம் தாண்டியும் ஓடுகிறது.

அதற்காக, ரேஸிங் எல்லாருக்குமானதாக மாறிவிட்டது என்று சொல்ல முடியாது. இன்றும் கார்ட்டிங்கில் தொடங்கி மேலே போக லட்சக்கணக்கில் செலவாகும். ஸ்பான்சர் இல்லாமல் நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளை அந்த ஏணியின் இரண்டாம் படியைத் தொடுவதே கஷ்டம். கரிவரதன் கதவைத் திறந்துவிட்டார் என்பதைவிட, கதவின் விலையைக் குறைத்தார் என்பதுதான் சரி. அதை இன்னும் குறைக்கும் வேலையை யார் செய்யப்போகிறார்கள் என்ற கேள்வி அப்படியேதான் இருக்கிறது.