எட்வர்ட் பிரெடெரிக் கெலார்ட்

எட்வர்ட் பிரெடெரிக் கெலார்ட் (நவம்பர் 21, 1819 - ஆகஸ்ட் 31, 1860) இலங்கையில் பிறந்த மருத்துவரும் இயற்கையியலாளரும் ஆவார். இலங்கையின் பாலூட்டிகள், பறவைகள், ஊர்வன ஆகியவற்றை முறைப்படி பட்டியலிட்ட முன்னோடிகளுள் ஒருவர். திருகோணமலையின் பாறைக் கரைகளில் வாழும் ஓடில்லாக் கடல் நத்தைகளை விரிவாக ஆராய்ந்து, பல இனங்களுக்கு அறிவியற் பெயரிட்டவர். முத்துச்சிப்பியின் வாழ்க்கை முறை பற்றிய இவரது ஆய்வுகளும் குறிப்பிடத்தக்கவை.

வாழ்க்கைச் சுருக்கம்

கெலார்ட், இலங்கையில் குடியேறிய ஐரோப்பிய வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தார். இளம் வயதிலேயே மருத்துவப் பணியில் சேர்ந்த இவர், பின்னர் ஸ்கொட்லாந்தின் எடின்பரோவில் பயின்று 1841 இல் மருத்துவப் பட்டம் பெற்றார். பிரித்தானியப் படையின் மருத்துவராகச் சிறிது காலம் ஜிப்ரால்ட்டரில் பணியாற்றினார். அங்குள்ள தாவரங்களைப் பற்றி இவர் எழுதிய நூல் 1846 இல் வெளிவந்தது.

இலங்கை திரும்பிய பின், மருத்துவப் பணியினூடே விலங்குகளைச் சேகரித்து ஆராய்ந்தார். நுவரெலியாவின் மலைப்பகுதியில் கிடைத்த மூஞ்சூறு இனங்களை 1850 இல் விவரித்தார். இலங்கை விலங்குகளைப் பற்றிய இவரது முதன்மை நூலான புரொட்ரோமஸ் ஃபோனே செய்லானிக்கே 1852 இல் வெளியானது.

முத்துச்சிப்பி ஆய்வு

மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்கள் அரசுக்குப் பெரும் வருவாய் அளித்தவை. ஆனால் சிப்பிகள் சில காலங்களில் பார்களிலிருந்து மறைந்துவிடும். அப்போது பல ஆண்டுகள் தொடர்ந்து முத்துக்குளிப்பு நடைபெறாது. இதன் காரணத்தை அறிய விரும்பிய இலங்கை அரசு, 1850களின் பிற்பகுதியில் அப்பணியைக் கெலார்டிடம் ஒப்படைத்தது. அவர் திருகோணமலையில் உயிருள்ள சிப்பிகளை வளர்த்து நோக்கினார். சிப்பி தன்னைப் பாறையுடன் பிணைக்கும் இழைகளை விடுவித்து, நகர்ந்து சென்று, புதிய இழைகளால் மீண்டும் பற்றிக்கொள்ளும் என்பதை அவர் கண்டறிந்தார். தம்பலகாமம் களப்பில் வாழும் வேறொரு வகைச் சிப்பியைப் பற்றியும் அறிக்கை எழுதினார்.

சிப்பியின் உடலில் வாழும் ஒட்டுண்ணிப் புழுக்கள் முத்து உருவாகக் காரணமாகலாம் என்பது இவரது கருத்து. 1902 இல் இலங்கைக்கு வந்து ஆராய்ந்த ஹெர்ட்மன், ஜேம்ஸ் ஹோர்னல் ஆகியோர் இக்கருத்தை மேலும் வளர்த்தனர். சிப்பியின் மேலுறைத் திசு இடம்பெயர்ந்து உள்ளே ஒரு பையாக அமைவதே முத்துக்கு இன்றியமையாதது எனப் பிற்கால ஆய்வுகள் காட்டின. ஒட்டுண்ணி, அத்திசு இடம்பெயர்வதற்கான காரணங்களுள் ஒன்றாக மட்டுமே கருதப்படுகின்றது.

கடல் நத்தைகள்

கெலார்ட் ஆராய்ந்த இவ்வுயிரினங்கள் நத்தை, சங்கு ஆகியவற்றின் உறவினங்கள். இளம் பருவத்தில் இவற்றுக்குச் சிறு ஓடு உண்டு. வளரும்போது அது உதிர்ந்துவிடும். பெரும்பாலான இனங்களில் செவுள்கள் முதுகின் மேல் பூங்கொத்துப் போல வெளிப்படையாக அமைந்திருக்கும். ஓடு இல்லாத குறையை இவற்றுள் பல இனங்கள் நஞ்சால் ஈடு செய்கின்றன: கடற்பஞ்சுகளை உண்டு, அவற்றிலுள்ள நச்சுப் பொருட்களைத் தம் உடலில் சேர்த்துக்கொள்கின்றன. பளிச்சிடும் நிறங்கள் மீன்களுக்கு எச்சரிக்கையாகின்றன. தமிழில் கடலட்டை எனப்படுவது இவற்றோடு தொடர்பில்லாத, முட்தோலிகளைச் சேர்ந்த வேறு உயிரினமாகும்.

இவற்றை ஆராய்வதில் ஒரு பெரும் இடர் உண்டு. சாராயத்தில் இட்டவுடன் உடல் சுருங்கி, நிறம் மங்கி, ஓர் இனத்தை மற்றொன்றிலிருந்து பிரித்தறிவது கடினமாகிவிடும். எனவே உயிருடன் இருக்கும்போதே வரையப்படும் வண்ணப் படங்கள் இன்றியமையாதவை. கெலார்ட் தம் விவரிப்புகளை 1858, 1859 ஆம் ஆண்டுகளில் வெளியிட்டார். அவற்றுக்குரிய வண்ணப் படங்களும் அவரிடம் இருந்தன.

இறப்பும் அதன் பின்னும்

கெலார்ட் தம் ஆய்வுகளை நிறைவு செய்வதற்கு முன்பே, இங்கிலாந்துக்குச் செல்லும் கப்பற் பயணத்தின்போது ஆகஸ்ட் 31, 1860 இல் காலமானார். அப்போது அவருக்கு வயது 40. அவர் விவரித்த கடல் நத்தைகள் எவை என்பது பிறருக்குத் தெளிவாக விளங்கவில்லை. சுருக்கமான விவரிப்புகளைக் கொண்டு மட்டும் இனங்களை உறுதி செய்ய இயலவில்லை.

அவரது வண்ணப் படங்கள் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலுள்ள ஹான்காக் அருங்காட்சியகத்தில் இருந்தன. அரசதந்திரியும் கடல் நத்தை ஆய்வாளருமான சர் சார்ல்ஸ் எலியட் அப்படங்களை ஆராய்ந்து, தென்னிந்திய, இலங்கைக் கடல் நத்தைகளைப் பற்றிய கட்டுரையை 1906 இல் வெளியிட்டார். கெலார்ட் இட்ட பெயர்களுள் பல, அவர் இறந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின் இவ்வாறு தெளிவு பெற்றன. சென்னை மாகாண அதிகாரி வால்டர் எலியட் வால்டேர் கரையில் சேகரித்த கடல் நத்தைகளும் இக்கட்டுரையில் மீளாய்வு செய்யப்பட்டன. அவற்றை ஆல்டர், ஹான்காக் ஆகிய இருவரும் 1864 இலேயே விவரித்திருந்தனர். அவற்றுள் ஒன்றின் பெயர் கலிங்கா ஓர்னாட்டா என்பதாகும்.

இன்றைய சிறப்பு

கெலார்ட் பெயரிட்ட இனங்களுள் ஜொருன்னா ஃபியூனெப்ரிஸ், ஃபில்லிடியெல்லா செய்லானிக்கா, ஜிம்னோடோரிஸ் சிலோனிக்கா ஆகியவை இன்றும் ஏற்கப்பட்டவை. வெள்ளை உடலில் கரிய வளையங்கள் கொண்ட முதலாவது இனம் மன்னார் வளைகுடாவிலும் காணப்படுகின்றது. இராமேசுவரம் முதல் கன்னியாகுமரி வரையான இவ்வளைகுடாவின் இந்தியக் கடற்பகுதி, 1989 இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. இவ்வினத்திலிருந்து பிரிக்கப்பட்ட ஜொருமைசின் என்னும் பொருள் புற்றுநோய் உயிரணுக்களை எதிர்க்கும் ஆற்றலுடையது என 2000 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. அதைக் குறைந்த படிகளில் ஆய்வகத்தில் செய்யும் முறை 2019 இல் வெளியானது.

இலங்கையின் தேரை இனம் ஒன்றும், இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் காணப்படும் தினைக்குருவி இனம் ஒன்றும் கெலார்டின் பெயரைத் தாங்கியுள்ளன.