சென்னை வானாய்வாளர் ஜேக்கப்

கிரகணம் பற்றும் நேரத்தையும் விடும் நேரத்தையும் பஞ்சாங்கத்திற் பார்த்தறிதல் யாழ்ப்பாணத்தார்க்குப் பழகிய வழக்கம். கணித்த நேரத்துக்கும் கண்ட நேரத்துக்கும் வேறுபாடு தோன்றின், கணிதம் பிழைத்ததென்று கூறி அமைவோம். அத்தகைய வேறுபாட்டையே வழிகாட்டியாகக் கொண்டு, கண்காணா உலகமொன்றைத் தேடிய பெரியார் ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கிக் கூறுவாம்.

வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப் 1813ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே பிறந்தார். கிழக்கிந்தியக் கம்பனியின் படைக் கல்லூரியிற் பயின்று, 1831இல் பம்பாய் சேர்ந்து, நில அளவைப் பணியிற் சில்லாண்டு கழித்தார். எனினும், அவருள்ளம் வானையே நாடிற்று. 1842இற் பூனாவிலே தாமே ஓர் ஆய்வுநிலையம் அமைத்து, இரட்டை விண்மீன்களை அளந்து குறித்தார். 1848ஆம் ஆண்டிறுதியிற் சென்னை நுங்கம்பாக்கத்து வானாய்வு நிலையத்தின் தலைமையை ஏற்றார்.

விருச்சிகத்துக்கு வடக்கே, ஒபியூக்கஸ் என்னுந் தொகுதியில், எழுபதாம் எண்ணுடைய விண்மீன் ஒன்றுளது. வெறுங்கண்ணுக்கு ஒன்றாய்த் தோன்றும் அது உண்மையில் இரண்டாம். அவை ஒன்றையொன்று ஏறக்குறைய 88 ஆண்டுக்கொருமுறை சுற்றுவன. கணித்த பாதையும் அளந்த நிலையும் ஒவ்வாமை கண்ட ஜேக்கப், அங்கே காணப்படாத கோளொன்று நின்று ஈர்த்தல் கூடுமெனக் கருதினார். யுரேனசின் நெறிபிறழ்வு கொண்டு 1846இல் நெப்தியூன் கண்டறியப்பட்டமையை உலகம் மறவாத காலம் அது. 1855இல் அவர் தங்கருத்தை வெளியிட்டார். முடிந்த முடிபாகவன்று, பெரிதும் பொருந்துவதாகவே கூறினார்.

நோய் அவரை நலித்தது. 1859இற் பதவி துறந்தார். ஆயினும், பூனாப் பக்கத்து மலையிலே ஆய்வுநிலையம் அமைக்கும் ஆசை தணிந்திலது. பாராளுமன்றம் 1000 பவுண் உதவ, 9 அங்குலத் தொலைநோக்கியோடு 1862இல் மீண்டும் பம்பாயில் இறங்கினார். இறங்கிய சின்னாளில், ஓகஸ்ட் 16ஆந் திகதி, பூனாவிலே உயிர்நீத்தார். அப்பொழுது அவருக்கு வயது 48.

அவர் கருத்தும் நிலைபெற்றிலது. பின்னர் அமெரிக்கராகிய சீ என்பார் அதனைப் புதுப்பிக்க, அத்தகைய பாதையிற் கோள் நிலைத்திருத்தல் இயலாதென 1899இல் மோல்ற்றன் காட்டினார். இன்றளவும் அங்கே கோளெதுவும் உறுதிப்பட்டிலது.

ஆயின், அவர் சென்ற நெறி பொய்த்ததா? அன்று. கோளொன்று தன் விண்மீனின் முன்னே கடக்கும்போது விண்மீனின் ஒளி சிறிது குன்றும். தனித்த கோளாயின் ஒத்த இடைவெளியிற் கடக்கும். வேறொரு கோள் ஈர்ப்பின், சிலமுறை முந்தியும் சிலமுறை பிந்தியும் கடக்கும். கெப்ளர் என்னும் விண்வெளித் தொலைநோக்கி கண்ட விண்மீனொன்றில், ஏறக்குறைய 19 நாளிலும் 39 நாளிலும் சுற்றும் இரு கோள்கள் இக்கால வேறுபாட்டாலேயே 2010இல் உறுதிசெய்யப்பட்டன. அவ்விண்மீன் கெப்ளர் 9 எனப்படும்.

மாணவர்காள்! ஆய்வுகூடத்தில் நீவிர் கண்ட அளவு நூலளவோடு ஒவ்வாதாயின், அதனை அழித்து நூலளவை எழுதாதீர். கண்டதைக் கண்டவாறே குறித்துக் காரணந் தேடுக. தேடியது பிழைப்பினும் இழுக்கன்று. ஜேக்கப் வாழ்க்கை நமக்குணர்த்துவது இதுவே.