ஒரே கையில் ரெண்டு வேலை: கிட்டார் வாசிப்பை மாற்றிய மேபெல் கார்ட்டர்

புதுசா கிட்டார் வாங்கியவர்கள் எல்லாரும் இடது கையைப் பற்றித்தான் கவலைப்படுவார்கள். கார்டு பிடிக்க விரல் வளையாது, நுனி வலிக்கும். ஆனால், பாட்டை நடத்திப்போவது ஸ்ட்ரம் செய்யும் வலது கை. அந்தக் கையால் என்னவெல்லாம் முடியும் என்று காட்டியவர் மேபெல் கார்ட்டர்.

யார் இவர்?

1909-ல் அமெரிக்காவின் வர்ஜீனியா மலைப்பகுதியில் பிறந்தவர். அம்மா பாஞ்சோ வாசிப்பார். மேபெல் பதின்ம வயதில் கிட்டாரைக் கையில் எடுத்தார். பள்ளி, வாத்தியார் எதுவும் கிடையாது; கேட்டுக் கேட்டுக் கத்துக்கிட்டதுதான். 1926-ல் எஸ்ரா கார்ட்டரைத் திருமணம் செய்தார். எஸ்ராவின் அண்ணன் ஏ.பி., அவர் மனைவி சாரா, மேபெல் மூவரும் சேர்ந்ததுதான் ‘கார்ட்டர் ஃபேமிலி’ குழு.

1927 ஆகஸ்டில் பிரிஸ்டல் நகரில் விக்டர் நிறுவனத்துக்காக 6 பாடல்களைப் பதிவு செய்தார்கள். பாட்டுக்கு 50 டாலர். அப்போது மேபெலுக்கு வயது 18, நிறைமாதத்தை நெருங்கும் கர்ப்பிணி.

அப்படி என்ன செய்தார்?

அன்றைய மலைநாட்டு இசையில் ஃபிடிலும் பாஞ்சோவும்தான் பெரும்பாலும் மெட்டை வாசிக்கும். கிட்டார் பின்னாடி தாளம் போடும். இந்தக் குழுவிலோ ஃபிடில் இல்லை. சாரா ஆட்டோஹார்ப்பை மீட்டிப் பாடுவார், ஏ.பி. கூடப் பாடுவார். மெட்டை யார் வாசிப்பது?

ரெண்டையும் மேபெலே செய்தார். கட்டைவிரலால் மேலே இருக்கும் தடித்த கம்பிகளில் மெட்டு, மற்ற விரலால் கீழே இருக்கும் மெல்லிய கம்பிகளை உரசித் தாளம். கேட்பவருக்கு ரெண்டு கிட்டார் வாசிப்பது போல இருக்கும். இதற்கு ‘கார்ட்டர் ஸ்க்ராட்ச்’ என்றே பெயர் வந்துவிட்டது.

1928-ல் கிப்சன் எல்-5 கிட்டார் வாங்கினார். விலை 275 டாலர். பிரிஸ்டலில் மூவருக்கும் சேர்த்துக் கிடைத்த பணமே 300 டாலர்தான்!

பெயர் வராத ஒருவர்

மேபெல் பின்னாளில் புதுப் பாணிகளைக் கற்றது லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கலைஞரிடம். விபத்தில் ஒரு காலை இழந்தவர். ஏ.பி.யுடன் ஊர் ஊராகப் போய்ப் பாட்டுச் சேகரித்தவரும் இவர்தான். கார்ட்டர் ஃபேமிலி இசைத்தட்டுகளில் இவர் பெயர் வரவேயில்லை.

பிறகு?

1943-ல் குழு கலைந்தது. மேபெல் தன் மூன்று மகள்களோடு மேடை ஏறினார். அதில் ஒருவரான ஜூன், பின்னாளில் ஜானி கேஷின் மனைவியானார். வாய்ப்புகள் குறைந்த காலத்தில் மேபெல் நர்ஸ் உதவியாளராக வேலை பார்த்தார். அப்போதும் வாசிப்பை விடவில்லை. 1970-ல் கார்ட்டர் ஃபேமிலிக்கு ‘கன்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேம்’ கௌரவம் கிடைத்தது. 1978-ல் மேபெல் மறைந்தார்.

நீங்கள் எங்கே தொடங்கலாம்?

ஒரே ஒரு கார்டு போதும். சி மேஜர் பிடியுங்கள். மெதுவாக 1, 2, 3, 4 என்று எண்ணுங்கள்.

1: கட்டைவிரலால் 5-வது கம்பி.
2: மெல்லிய கம்பிகளை மேலிருந்து கீழாக ஒரு உரசல்.
3: கட்டைவிரலால் 4-வது கம்பி.
4: மறுபடி உரசல்.

மணிக்கட்டைத் தளர்வாக வையுங்கள், முழங்கையை ஆட்ட வேண்டாம். தப்பு வந்தாலும் எண்ணிக்கையை நிறுத்தாதீர்கள். தவறிய கம்பியைவிட நின்றுபோன தாளம்தான் காதில் உறுத்தும். இது பழகிய பிறகு, கட்டைவிரல் கொஞ்சம் கொஞ்சமாக மெட்டைத் தேட ஆரம்பிக்கும். மேபெலின் பாணிக்கு அடிப்படை இதுதான்.