ஐ.க்யூ. டெஸ்ட் எதற்காக வந்தது தெரியுமா? - ஆல்ஃபிரட் பினேவின் கதை

ஐ.க்யூ. என்றதும் நமக்கு ஒரு எண்தான் ஞாபகம் வரும். ஆனால், அதற்கு அடித்தளம் போட்ட ஆல்ஃபிரட் பினே, குழந்தைகள் மேல் எண் ஒட்டுவதற்காக அந்த டெஸ்ட்டை உருவாக்கவில்லை. வகுப்பில் பின்தங்கும் குழந்தைக்கு என்ன உதவி தேவை என்று கண்டுபிடிப்பதுதான் நோக்கம்.

யார் இவர்?

1857-ல் நீஸ் நகரில் பிறந்தவர். படித்தது சட்டம். ஆனால் மனசு போனது உளவியல் பக்கம். பாரிஸின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் ஹிப்னாடிசம் பற்றி ஆய்வு செய்தார். அந்த முடிவுகள் தப்பு என்று தெரிந்ததும் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். பிறகு, தன் இரண்டு மகள்களுக்கும் வீட்டிலேயே சின்னச் சின்னச் சோதனைகள் வைத்தார். ஒரே வீட்டுக் குழந்தைகளே ஆளுக்கொரு விதமாக யோசிப்பதைக் கவனித்தார். தலையின் சுற்றளவை வைத்து அறிவை அளக்கலாமா என்றும் பார்த்தார். அது சரிவரவில்லை.

டெஸ்ட் எப்படிப் பிறந்தது?

பிரான்ஸில் 1880-களில் கட்டாயக் கல்வி வந்தது. எல்லாக் குழந்தைகளும் பள்ளிக்கு வந்தார்கள். ஆனால், எல்லோராலும் ஒரே பரீட்சையை எழுத முடியவில்லை. 1904-ல் அரசு ஒரு குழு அமைத்தது, பினே அதில் உறுப்பினர். அதுவரை ஒரே குழந்தைக்கு ஒவ்வொரு டாக்டரும் ஒவ்வொரு பெயர் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

1905-ல் டாக்டர் தியோடர் சிமோனுடன் சேர்ந்து 30 சோதனைகளை வெளியிட்டார். எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எரியும் தீக்குச்சியைக் குழந்தையின் கண் பின்தொடர்கிறதா? சாக்லேட்டையும் மரத்துண்டையும் வேறுபடுத்துகிறதா? இப்படி ஆரம்பித்துப் படிப்படியாகக் கஷ்டமாகும். ஒவ்வொரு குழந்தையாக உட்காரவைத்துச் செய்வது இது. 1908-ல் வயதுவாரியாகப் பிரித்தார்.

அடுத்து என்ன செய்தார்?

டெஸ்ட்டோடு நிறுத்தவில்லை. அறிவு மாறாத ஒன்று, பயிற்சியால் வளராது என்ற கருத்தை எதிர்த்தார். சிலை மாதிரி அசையாமல் நிற்கும் விளையாட்டு மூலம் கவனத்தை வளர்க்கும் பயிற்சிகளைப் பரிந்துரைத்தார். 1909-ல் சிறப்பு வகுப்புகளுக்கான சட்டம் பிரான்ஸில் வந்தது. ஆனாலும் இன்று காதில் கேட்கவே கூசும் வார்த்தைகளால் குழந்தைகளை வகைப்படுத்தியதும் அவர்தான் என்பதை மறக்க முடியாது.

எங்கே தடம் மாறியது?

1911-ல், 54 வயதில் பினே இறந்துபோனார். மன வயதை நிஜ வயதால் வகுக்கும் யோசனையை ஜெர்மனியின் வில்லியம் ஸ்டெர்ன் முன்வைத்தது அடுத்த ஆண்டுதான். அமெரிக்காவில் ஹென்றி காடர்ட் போன்றவர்கள், அறிவு பரம்பரையாக வருவது, மாறாது என்று நம்பி இந்த டெஸ்ட்டைப் பயன்படுத்தினார்கள். அறிவு குறைந்தவர்கள் என்று முத்திரை குத்தப்பட்டவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்று 1927-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது.

இன்று?

அதே அமெரிக்கா 1997-ல் சட்டத்தைத் திருத்தியது. வழக்கமான தேர்வை எழுத முடியாத மாற்றுத்திறன் மாணவர்களுக்கு மாற்று மதிப்பீடு வைக்க வேண்டும் என்றது. கடுமையான அறிவுத்திறன் குறைபாடு உள்ள மாணவர் படத்தைத் தொட்டோ, பொருளைக் காட்டியோ பதில் சொல்லலாம். பள்ளியின் கணக்கிலிருந்து அந்தக் குழந்தையை விட்டுவிடக் கூடாது என்பதே இதன் அடிப்படை.

பினே வைத்த டெஸ்ட், குழந்தைக்கு உதவவும் பயன்பட்டது, ஒதுக்கிவைக்கவும் பயன்பட்டது. மார்க் வந்த பிறகு அந்தக் குழந்தைக்கு நாம் என்ன செய்கிறோம் என்பதில்தான் வித்தியாசமே இருக்கிறது.