காடு வளர்த்த ஹியூகோ வுட்

கொங்கு நாட்டில் கவிதை எழுதத் தொடங்கிய எவரும் ஆனைமலையைப் பாடாமல் விடுவதில்லை. பாடும்போது பெரும்பாலோர் அக்காட்டை மனிதர் கை படாத கன்னிக்காடு என்றே போற்றுகின்றனர். டாப்சிலிப்பைச் சுற்றியுள்ள தேக்கங்காடுகளைப் பொறுத்தவரை இப்புகழ்ச்சி பொருந்தாது. அக்காடு வெட்டப்பட்ட காடு. பின்னர் வளர்க்கப்பட்ட காடு. வெட்டிய கைக்கும் வளர்த்த கைக்கும் இடையே நிற்பவர் ஹியூகோ பிரான்சிஸ் ஆண்ட்ரூ வுட் என்னும் ஆங்கிலேய வன அலுவலர். அவர் வரலாற்றை அறிந்தபின் அக்காட்டைப் பாடினால் பாட்டுக்கு வலிமை கூடுமே அன்றிக் குறையாது.

அவர் வருவதற்கு முந்தைய நிலையை முதலில் காண வேண்டும். பதிற்றுப்பத்தின் பதிகம் குறிப்பிடும் உம்பற்காடு இந்த ஆனைமலைப் பகுதியே என்பது ஆராய்ச்சியாளர் பலரின் துணிபு. சங்கப் பாடல்களில் தேக்கு பெரும்பாலும் இலையாகவே வருகிறது. வழிச்செல்வோர்க்கும் விருந்தினர்க்கும் அது உண்கலம். மரத்தின் விலையை நம் புலவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. எண்ணிப் பார்த்தவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்தனர். பம்பாய்க் கப்பல் தளங்களுக்கும், பின்னர் இருப்புப்பாதைக் கட்டைகளுக்கும் தேக்கு வேண்டியிருந்தது. வெட்டிய மரங்களை யானைகள் மலை விளிம்புவரை இழுத்து வரும். அங்கிருந்து சரிவில் உருட்டிவிடுவர். அடிவாரத்தில் வண்டிகள் காத்திருக்கும். உச்சியிலிருந்து சறுக்கிவிடும் இடம் என்னும் பொருளில் ஏற்பட்டதே டாப்சிலிப் என்னும் பெயர். இன்று சுற்றுலாப் பயணியரின் நாவில் இனிக்கும் அப்பெயர், வெட்டுண்ட மரங்கள் போன வழிக்கு இட்ட பெயராகும். 1848-ஆம் ஆண்டிலேயே மைக்கேல் என்னும் படை அலுவலர் இக்காடுகளைக் கவனிக்க அமர்த்தப்பட்டார். ஆயினும் அக்காலத்துக் கவனிப்பு என்பது மரத்தைச் சேதமின்றிக் கீழே சேர்ப்பதையே பெரிதும் குறித்தது. அரை நூற்றாண்டு கழிந்தபோது, இழுத்து வரக்கூடிய தொலைவில் நல்ல மரம் அருகிவிட்டது.

1870-இல் பிறந்த வுட், 1915-ஆம் ஆண்டையொட்டி ஆனைமலைக்கு வந்து சேர்ந்தார். மவுண்ட் ஸ்டூவர்ட் என்று அந்நாளில் வழங்கிய குன்றின்மேல் எளியதொரு குடிலை இருப்பிடமாகக் கொண்டார். மணம் செய்துகொள்ளவில்லை. அடுத்த பத்தாண்டுகளில் அவர் செய்த பணியே அவர் பெயரை நிலைநிறுத்தியது.

அவர் அரசுக்குச் சொன்னது இரண்டே செய்தி. மரத்தை வேரோடு பெயர்க்காதீர்கள் என்பது ஒன்று. வெட்டிய இடத்துக்கு உடனே திரும்பாதீர்கள் என்பது மற்றொன்று. தேக்கின் இயல்பை அறிந்தவர்க்கே முதற்செய்தியின் அருமை விளங்கும். தேக்கை நிலமட்டத்தை ஒட்டி அறுத்துவிட்டால் அடிக்கட்டை சாவதில்லை. முதல் மழையிலேயே அதைச் சுற்றிலும் தளிர்கள் கிளம்பும். கீழே முற்றிய வேர் ஏற்கனவே பரவியிருப்பதால், விதையிலிருந்து வரும் கன்றைவிட இத்தளிர் பன்மடங்கு விரைந்து வளரும். அவற்றுள் நேராகவும் உரமாகவும் எழுந்ததை மட்டும் விட்டு ஏனையவற்றைக் களைந்தால் மீண்டும் ஒரு மரம் ஆகும். உயரமாக விட்டு அறுத்த கட்டையில் எழும் கிளையோ காற்றுக்கு முறிந்து விழும். நம் உழவர்கள் பூவரசிலும் கிளுவையிலும் காணும் உண்மைதான் இது. அதனை ஒரு மலைத்தொடருக்கு விதியாக்கியது வுட் செய்த புதுமை.

இரண்டாம் செய்தி அதைவிடக் கடினமானது. காட்டைப் பகுதிகளாகப் பிரித்து முறைவைத்து வெட்ட வேண்டும். ஒருமுறை வெட்டிய பகுதிக்கு 25 ஆண்டுகளேனும் ஓய்வு தர வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார் என்பர். ஆண்டு வருவாயைக் கணக்கிடும் அரசிடம் கால் நூற்றாண்டு காத்திருக்கச் சொல்வது எளிதன்று. அதுவும் முதல் உலகப்போர் நடந்த ஆண்டுகள். மரத்துக்குத் தேவை மிகுந்திருந்த வேளை. அத்தகைய வேளையில் ஒரு மாவட்ட அளவிலான அலுவலர் இதனைச் சொல்லி நிறைவேற்றவும் செய்தார் என்பதையே யான் அவர் வாழ்வின் உச்சமாகக் கருதுகிறேன்.

மக்கள் நினைவில் நிற்பதோ வேறொரு காட்சி. நாள்தோறும் காலையில் கோட்டுப் பைகள் நிறையத் தேக்கு விதைகளை நிரப்பிக்கொண்டு புறப்படுவாராம். வெள்ளிப்பூண் கட்டிய கைத்தடியால் நிலத்தைக் குத்தி, அக்குழியில் ஒரு விதையை இட்டுக்கொண்டே நடப்பாராம். மலையில் வழிவழியாக வரும் இச்செய்தி கவிஞர்க்கு உகந்தது, யானும் மயங்கியதுண்டு. ஆயினும் தேக்கு விதை அவ்வளவு இணக்கமானதன்று. சுண்டைக்காய் அளவில், பழுப்பு நிறப் பஞ்சு போர்த்த கடினமான ஓட்டுக்குள் அது உறங்கும். ஊறவைத்தும் உலர்த்தியும் எழுப்பினாலும் சில முளைக்கும், சில அடுத்த ஆண்டுக்குக் காத்திருக்கும். ஒருவர் பையிலிருந்து உதிர்ந்த விதையால் மலைகள் மூடப்பட்டிருக்க இயலாது. நாற்று நட்டவர்களும், களை எடுத்தவர்களும், கோடையில் தீத்தடுப்புக் கோடு வெட்டியவர்களும் காடர், மலசர் முதலிய மலைமக்களே. மரம் இழுத்த யானைகளைப் பழக்கியவர்களும் அவர்களே. வுட்டின் பெயர் கல்லில் இருக்கிறது. அவர்களுள் ஒருவர் பெயரும் எங்கும் பொறிக்கப்படவில்லை. நிலம்பூரில் 1840-களில் தேக்குத் தோட்டம் எழுப்பியபோது, கானலியின் பெயரோடு சாத்து மேனன் பெயராவது எஞ்சியது. ஆனைமலையில் அந்த அளவும் இல்லை.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. வுட் வளர்த்தது தேக்கை. காட்டை முழுமையாக அன்று. மர வருவாயே அவர் துறையின் நோக்கம். டாப்சிலிப்பிலிருந்து சிறிது தொலைவு நடந்து கரியன்சோலைக்குள் நுழைவோர் வேறுபாட்டை உடனே உணர்வர். தேக்கங்காட்டில் அடிமரங்கள் ஏறக்குறைய ஒரே பருமனில் வரிசை கட்டி நிற்கும். மாசி, பங்குனியில் இலை முழுதும் உதிர்ந்து, காய்ந்த சருகு காலடியில் நொறுங்கும். கரியன்சோலையிலோ நண்பகலிலும் இருள். மரத்தின்மேல் மரம், கொடியின்மேல் கொடி. இருவாட்சிக்குப் பொந்தும் சோலைமந்திக்குக் கனியும் தருவது இத்தகைய பழஞ்சோலைதான். எத்தனை தடிகள் குத்தினாலும் ஒரு கரியன்சோலையை நட்டு வளர்த்துவிட முடியாது.

அவ்வாறாயினும் தேக்கங்காட்டின் அழகைக் குறைத்துச் சொல்ல மனம் வரவில்லை. ஆனி, ஆடி மழையில் அம்மரங்களின் உச்சியில் வெண்மை தோய்ந்த பூங்கொத்துகள் மலையே நுரைத்ததுபோல் பொங்கி நிற்கும். இலைகள் முறம்போல் விரிந்து மழையை ஏற்கும் ஓசை ஒன்று உண்டு. வேறெந்த மரத்தடியிலும் அதனைக் கேட்க முடியாது. இடைவெளி மிகுந்த இக்காட்டின் புல்வெளிகளில் புள்ளிமானும் காட்டெருமையும் மேய்கின்றன. 1976-இல் இப்பகுதி வனவிலங்குப் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு 958 சதுர கிலோமீட்டர். கரியன்சோலை, புல்மலை, மஞ்சம்பட்டி ஆகியவை தேசியப் பூங்காவாயின. 2007-இல் ஆனைமலை புலிகள் காப்பகம் அமைந்தது. மரத்துக்காகக் காக்கப்பட்ட காடு விலங்குக்காகக் காக்கப்படும் காடாக மாறியது. வுட் இம்மாற்றத்தை எதிர்பார்த்திருப்பாரா என்பது ஐயமே. ஆனால் அவர் காத்திருக்கச் சொன்ன அந்த ஆண்டுகள் இல்லையெனில், இம்மாற்றத்தின்போது அந்தச் சரிவுகளில் காக்க என்ன எஞ்சியிருக்கும்?

பணி நாள்கள் முடிந்தபின் அவர் நாடு திரும்பவில்லை. காசநோய் பற்றியது. குன்னூரில் தங்கியிருந்து, 1933-ஆம் ஆண்டு டிசம்பரில் தம் 63-ஆம் வயதையொட்டிக் காலமானார். தம்மை மவுண்ட் ஸ்டூவர்ட்டில் தேக்குகளின் நடுவே புதைக்க வேண்டும் என்று முன்பே எழுதி வைத்திருந்தார்; அவ்வாறே செய்தனர்.

டாப்சிலிப்பில் அக்கல்லறை இன்றும் இருக்கிறது. அதன்மேல் இலத்தீன் மொழியில் ஒரு வரி. லண்டன் தூய பவுல் பேராலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென்னின் கல்லறைக்கு எழுதப்பட்ட அதே வரி: இவர் நினைவுச் சின்னத்தைத் தேடுவோர் சுற்றிலும் பார்க்கட்டும் என்பது அதன் கருத்து. பார்ப்போர் பெரும்பாலும் அண்ணாந்து பார்க்கின்றனர். அடிமரத்தையும் குனிந்து பார்ப்பது நன்று. நிலத்தை ஒட்டி அறுத்த கட்டையிலிருந்து எழுந்த தேக்கு, அடியில் சற்றே புடைத்திருக்கும். சில இடங்களில் ஒரே அடியிலிருந்து இரண்டு மரங்கள் பிரிந்து நிற்கும்.